ஏழாம் நம்பர் குதிகால்

சிரில்: ஆ...! அம்மா...!

ஜெத்ரோ: குனிஞ்சு வாங்கன்னு சொன்னேனா இல்லையா?

சிரில்: சொன்னீங்க, ஜெத்ரோ அண்ணே. எவ்வளவு குனியணும்னு சொல்லலையே!

ஹெட்டி: ரொம்ப அடியா? காட்டுங்க தம்பி... ஒண்ணுமில்ல, லேசா வீங்கியிருக்கு. இந்த வைக்கோல் கட்டு மேல உக்காருங்க. தலைக்கு மேல ஒரு சாண் இடம் மிச்சம் இருக்கும்.

சிரில்: ஹெட்டி அக்கா, நான் நிஜமாவே கேக்குறேன். ஜட்ஜுன்னு சொல்லித்தானே என்னை பிளாக்பூல்லேருந்து வரவழைச்சாங்க?

ஹெட்டி: ஆமா.

சிரில்: ஜட்ஜுன்னா மேடைக்கு எதிர்ல நாற்காலி போட்டு, முன்னாடி ஒரு மேசை, அதுல தண்ணி...

ஹெட்டி: தண்ணி வேணுமா? ஃபிளாஸ்க்ல டீ இருக்கு.

சிரில்: தண்ணி இல்லக்கா பிரச்சனை! டான்ஸ் மேல நடக்கப்போகுது. நாம மேடைக்கு அடியில உக்காந்திருக்கோம்.

ஜெத்ரோ: அப்பதானே ஒழுங்கா கேக்கும்?

சிரில்: கேக்குறதா? டான்ஸைப் பாக்கணும் அண்ணே!

ஜெத்ரோ: பாத்தியா ஹெட்டி? நான் அப்பவே சொன்னேன். மூணு ஜட்ஜுல ஒருத்தர் வெளியூர்க்காரரா இருக்கணும்னு சட்டம் போட்டா, இப்படித்தான் வால்ட்ஸ் வாத்தியாரைப் புடிச்சுக்கிட்டு வருவாங்கன்னு.

ஹெட்டி: சும்மா இருங்க. மனுஷன் மண்டையை வேற இடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு.

சிரில்: இல்லக்கா, எனக்குப் புரியணும். என் வகுப்புல நான் முதல்ல முதுகைப் பாப்பேன், நேரா இருக்கான்னு. அப்புறம் கை. இங்க கை எப்படி இருக்கணும்?

ஜெத்ரோ: தொங்கும்.

சிரில்: தொங்குமா? சரி... இடுப்பு?

ஜெத்ரோ: அது பாட்டுக்குக் கிடக்கும்.

சிரில்: முகம்? முகத்துல ஒரு பாவம்...?

ஜெத்ரோ: ரயிலுக்குக் காத்துக்கிட்டு நிக்கிறவன் முகம் எப்படி இருக்கும்? அப்படி.

சிரில்: அப்ப ஆடுறது எதுதான் அண்ணே?

ஜெத்ரோ: முழங்காலுக்குக் கீழ. அவ்வளவுதான்.

ஹெட்டி: தம்பி, நான் சொல்றேன் கேளுங்க. உங்க வால்ட்ஸ்ல பாட்டு ஒருத்தன் வாசிப்பான், நீங்க அதுக்கு ஆடுவீங்க. சரியா? இங்க காலுதான் வாத்தியம். கட்டை ஷூவால பலகையில தட்டுற தட்டுதான் பாட்டு. மேல ஒருத்தன் அக்கார்டியன் வாசிப்பான், இல்லேங்கல. ஆனா அவன் அந்தக் காலுக்குத் துணைக்கு வர்றவன்.

ஜெத்ரோ: கண்ணை மூடிக்கிட்டு வால்ட்ஸ் ஆடுற கூடத்துல நின்னா என்ன கேக்கும் வாத்தியாரே?

சிரில்: பாட்டு கேக்கும்... கொஞ்சம் பாவாடை சரசரப்பு.

ஜெத்ரோ: டான்ஸ்?

சிரில்: ...கேக்காது.

ஜெத்ரோ: பாலே ஆடுறாங்களே, எம்பி எம்பிக் குதிச்சு? அது?

சிரில்: அதுல சத்தம் வந்தாலே தப்பு அண்ணே. தரையை மிதிச்சதே தெரியக்கூடாது.

ஜெத்ரோ: இங்க தரையை விட்டு எம்பினா தப்பு. அவங்களுக்கு வானம் வேணும். எங்களுக்கு ஒரு பலகை போதும்.

ஹெட்டி: மேல உக்காந்தா கண்ணு ஏமாத்திடும் தம்பி. நல்ல சட்டை, நல்ல மூஞ்சி, ஒரு சிரிப்பு... கை தானா மார்க்கைப் போட்டுடும். அடியில உக்காந்தா எல்லாரும் வெறும் காலுதான்.

சிரில்: இதெல்லாம் யாரு கண்டுபுடிச்சது?

ஹெட்டி: குளிரு. எங்க தறிக்கூடத்துல கல் தரை. காலு சில்லிட்டுப் போகும். எதிர்ல தறி தடதடன்னு அடிச்சுக்கிட்டே இருக்கும். நின்ன இடத்துலயே சூடு வரத் தட்டுவோம், அந்தத் தறிக்குத் தக்கபடி. கையும் இடுப்பும் தறியில வேலையா இருக்கும், அதை எங்க ஆட்டுறது? காலு மட்டும்தான் எங்களுக்குன்னு மிச்சம்.

சிரில்: ...இது நல்லாருக்கே.

ஜெத்ரோ: இப்பத்தான் வழிக்கு வர்றாரு. இந்தாங்க சிலேட்டு, இந்தாங்க சாக்கட்டி. பிந்தினா ஒரு கோடு. ஒரு தட்டை விழுங்கினா ஒரு கோடு. கோடு கம்மியா வாங்கினவனுக்கு வெள்ளிக் கொக்கி வெச்ச பெல்ட்டு. மேல ஆடுறப்ப வாயைத் திறக்கக்கூடாது.

சிரில்: சரி. ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி நான் உங்க ரெண்டு பேர்கிட்டயும் ஒரு கேள்வி கேக்கணுமாம். வெளியூர் ஜட்ஜோட வேலையாம் அது.

ஹெட்டி: ...கேளுங்க.

சிரில்: மேல ஆடப்போறவங்க எல்லாம் வெறும் நம்பர். அதுல யாராவது இன்னார்னு உங்களுக்குத் தெரியுமா? தெரிஞ்சா இப்பவே எந்திரிச்சுப் போயிடணும்.

ஹெட்டி: ...எனக்கு யாரையும் தெரியாது.

ஜெத்ரோ: ...எனக்கு மட்டும் எப்படித் தெரியும்?

சிரில்: நல்லது. ஆமா, மேல யாரோ சொன்னாங்களே, உங்க பையனும் பெரிய ஆட்டக்காரன்னு. அவரு இன்னைக்கு ஆடலையா?

ஹெட்டி: அவனுக்கு ஒரு பாதம் இல்ல தம்பி.

சிரில்: ஐயோ... மன்னிச்சுக்குங்க அக்கா.

ஹெட்டி: நீங்க என்ன பண்ணுவீங்க? ரயில்வே யார்டுல வேலை. நிலக்கரி வண்டி ஏறிடுச்சு. இடது கணுக்காலோட போச்சு. ஒன்றரை வருஷமாச்சு. மரப்பாதம் வெச்சு நடக்குறான்.

ஜெத்ரோ: பாதம் போனதுகூட அவனுக்குப் பெரிசில்ல. "ஐயோ பாவம்"னு ஊர் முழுக்க சொல்றாங்க பாருங்க, அதைத்தான் தாங்க மாட்டேங்குறான். பப்ல டொமினோ ஆடினா எல்லாப் பயலும் வேணும்னே தோக்குறான். எங்க வில்ஃப் எதுல கை வெச்சாலும் ஜெயிக்கிறான்.

ஹெட்டி: இவரும் ஒரு நாள் அவனுக்கு விட்டுக்குடுத்தாரு. கண்டுபுடிச்சுட்டான். காயெல்லாம் அள்ளி அடுப்புல போட்டுட்டான்.

ஜெத்ரோ: அதை எதுக்கு இவர்கிட்ட சொல்ற?

ஹெட்டி: நல்ல காயிங்க அது. எங்கப்பா வாங்கிக்குடுத்தது.

சிரில்: அவருக்கு என்னதான் வேணுமாம்?

ஹெட்டி: "யாராவது ஒருத்தர் என்னை ஒழுங்கா எடை போட்டுப் பாருங்கம்மா"ம்பான். "தேறினா தேறினேன், தேறலைன்னா தேறலைன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லுங்க"ம்பான். சொல்ல ஆள் இல்ல.

ஜெத்ரோ: போதும். மணி அடிச்சுட்டான். உஷ்...

சிரில்: யப்பா! இடி மாதிரில்ல இருக்கு!

ஜெத்ரோ: உஷ்ங்குறேன்!

ஹெட்டி: தம்பி, டீயை மூடுங்க, தூசி கொட்டுது...

சிரில்: முடிஞ்சுதா? பேசலாமா? இப்ப ரெண்டு பேரும் வாயை மட்டும் அசைச்சுக்கிட்டே இருந்தீங்களே, அது என்ன?

ஹெட்டி: அதுவா? பேசிக்கிட்டிருந்தோம்.

சிரில்: சத்தமே வரலையே!

ஜெத்ரோ: தறிக்கூடத்துல எவன் குரல் கேக்கும்? உதட்டைப் பாத்துதான் பேச்சு. நான் கட்டை ஷூ செய்யுறவன், இவளுக்கு வேலைக்குப் போடுற ஷூ குடுக்கப் போவேன். கல்யாணம் பண்ணிக்கிறியான்னு கேட்டதுகூட சத்தமில்லாமத்தான்.

ஹெட்டி: நான் மாட்டேன்னுதான் சொன்னேன். இவரு சரின்னு படிச்சுக்கிட்டாரு.

சிரில்: ஹஹ்ஹா... அப்புறம் திருத்தலையா அக்கா?

ஹெட்டி: அதுக்குள்ள இலவசமா ஒரு ஜோடி ஷூ வந்துடுச்சு. நல்ல ஷூ தம்பி.

ஜெத்ரோ: அடுத்தவன் ஏறுறான். உஷ்.

சிரில்: ...அண்ணே, நாலாம் நம்பருக்கு நான் ஒரு கோடு போட்டிருக்கேன். சரியான்னு தெரியல. கடைசிக்கு முந்தின சுத்துல, முன்பாதத்தால ஒரு உரசு உரசணும் இல்ல? அதை விழுங்கிட்டாரு.

ஜெத்ரோ: அப்படியா? நான் கவனிக்கலையே... ஹெட்டி, நீ?

ஹெட்டி: நானும் விட்டுட்டேன்.

ஜெத்ரோ: காதை எங்க வெச்சிருந்த?

ஹெட்டி: நீங்க எங்க வெச்சிருந்தீங்க?

ஜெத்ரோ: இருங்க... ஆமா, இப்ப மனசுல ஓட்டிப் பாத்தா, விழுங்கத்தான் செஞ்சான். வாத்தியாரே, பலகையில இடிச்சதுல உங்களுக்குக் காது திறந்துடுச்சு. நிஜமாத்தான் சொல்றேன். நல்ல காது.

சிரில்: மத்தபடி பிரமாதம் அண்ணே அந்த ஆளு. அஞ்சும் ஆறும் பக்கத்துலயே வர முடியல. இனி ஏழு, எட்டு... என்ன இது? கூட்டம் ஏன் திடீர்னு அடங்கிப்போச்சு?

ஜெத்ரோ: காத்து அந்தப் பக்கம் திரும்பியிருக்கும்.

ஹெட்டி: ஐஸ் வண்டி வந்திருக்கும், எல்லாரும் அங்க பாத்திருப்பாங்க.

சிரில்: ஐஸ் வண்டி வந்தா சத்தம்தானே கூடும்? கட்டை மாதிரி ஏதோ உருளுது பாருங்க மேல. கைத்தடியா?

ஜெத்ரோ: அக்கார்டியன்காரன் எதையாவது கீழ போட்டிருப்பான். ஏழாம் நம்பர். இனிமே உதடு மட்டும்தான். உஷ்.

ஹெட்டி: ...என்னங்க, மூச்சே விடாம உக்காந்திருக்கீங்க?

ஜெத்ரோ: ...கேக்குறேன். நீ ஏன் சால்வையை இப்படி இழுத்துப் போத்திக்கிற?

ஹெட்டி: ...குளிருது.

ஜெத்ரோ: ...ஆகஸ்ட்லயா?

ஹெட்டி: ...உங்க கண்ணுல என்ன தண்ணி?

ஜெத்ரோ: ...தூசி. மேலேருந்து கொட்டுது பாரு.

ஹெட்டி: ...கோடு போட்டீங்களா?

ஜெத்ரோ: ...என் சிலேட்டை எட்டிப் பாக்காத. நீ உன்னுதுல போடு.

ஹெட்டி: ...போட்டுட்டேன்.

ஜெத்ரோ: ...நானும்.

சிரில்: அண்ணே! அக்கா! இப்ப பேசலாமில்ல? இதுக்குப் பேரு என்ன அண்ணே? நான் இப்படி ஒண்ணு கேட்டதே இல்ல! ரெண்டு காலும் ரெண்டு குரல்ல பேசுது. வலது காலு வளவளன்னு என்னென்னமோ சொல்லிக்கிட்டே போகுது, இடது காலு ஒத்த வார்த்தையில "டக்"னு பதில் சொல்லுது. உங்க ரெண்டு பேரு மாதிரி.

ஹெட்டி: ...அதுல வலது காலு யாரு தம்பி?

சிரில்: அதை நான் சொல்ல மாட்டேன்க்கா. சரி, சிலேட்டைக் காட்டுங்க. எனக்கு ஒண்ணுமே இல்ல, வெறும் சிலேட்டு... என்னது? அக்கா ஒண்ணு. அண்ணே... ரெண்டா?

ஜெத்ரோ: ரெண்டு.

சிரில்: எதுக்கு?

ஜெத்ரோ: இடது குதிகால். பிந்துது.

சிரில்: எங்க பிந்துச்சு? நான் முழுசும் கேட்டேனே! தூக்குறதுக்குக் கஷ்டம் மாதிரி இருந்துச்சு, அது நிஜம். ஆனா விழ வேண்டிய நேரத்துக்கு டாண்ணு விழுந்துச்சு!

ஜெத்ரோ: நீங்க இன்னைக்குக் காலைல வந்தவரு வாத்தியாரே.

சிரில்: நல்ல காதுன்னு இப்பத்தானே சொன்னீங்க?

ஜெத்ரோ: நல்ல காதுதான். பழகாத காது.

சிரில்: அக்கா, நீங்க சொல்லுங்க. பிந்துச்சா?

ஹெட்டி: ...பிந்துன மாதிரிதான் இருந்துச்சு தம்பி.

சிரில்: மாதிரிக்கெல்லாம் கோடு உண்டா?

ஜெத்ரோ: எட்டாம் நம்பர் ஏறிட்டான். அப்புறம் பேசலாம்.

சிரில்: ...எட்டு போச்சு. பாவம், பாதியிலயே தடுக்கிட்டாரு. அப்ப முடிவு என்ன? நாலாம் நம்பருக்கு மொத்தம் ஒரு கோடு, அதுவும் நான் போட்டது. ஏழுக்கு மூணு. நாலுதான் ஜெயிச்சது. அண்ணே, கடைசியா கேக்குறேன். அந்த மூணையும் அப்படியே மேல படிக்கட்டுமா?

ஜெத்ரோ: போட்டது போட்டதுதான். வெளியூர்க்காரர்தான் மேல போய்ச் சொல்லணும். குனிஞ்சு போங்க.

சிரில்: அந்த ஏழாம் நம்பர் மூஞ்சியில எப்படி முழிக்கப்போறேனோ தெரியல.

ஹெட்டி: தம்பி, தலை... தலை!

சிரில்: ஆ...!

ஜெத்ரோ: போயிட்டாரு.

ஹெட்டி: நல்ல மனுஷன்.

ஜெத்ரோ: ம்.

ஹெட்டி: ரெண்டு எதுக்குங்க போட்டீங்க? ஒண்ணு போதாதா?

ஜெத்ரோ: நீ எதுக்கு ஒண்ணு போட்ட?

ஹெட்டி: பிந்துச்சு, போட்டேன்.

ஜெத்ரோ: அதேதான் நானும்.

ஹெட்டி: கை தட்டுறாங்க. சொல்லிட்டாரு போல.

ஜெத்ரோ: டீ மிச்சம் இருக்கா?

ஹெட்டி: தூசியோட இருக்கு.

ஜெத்ரோ: குடு.

வில்ஃப்: அப்பா... அம்மா... உள்ளயா இருக்கீங்க?

ஹெட்டி: வில்ஃப்! நீ எங்கடா இங்க?

வில்ஃப்: நகருங்க, உள்ள வர்றேன். ஒண்ணு சொல்லணும். திட்டக்கூடாது.

ஜெத்ரோ: பாத்து... பலகை இடிக்கும். உக்காரு.

வில்ஃப்: நான்தான்ப்பா ஏழாம் நம்பர்.

ஜெத்ரோ: என்னது!

ஹெட்டி: ஐயையோ!

ஜெத்ரோ: நீயா! ஏழாம் நம்பரா! நம்பவே முடியலையே!

வில்ஃப்: அப்பா, எதுக்கு இப்படிக் கத்துறீங்க?

ஜெத்ரோ: அதிர்ச்சிடா.

வில்ஃப்: கோவமா? உங்க ரெண்டு பேருக்கும் தெரியாமத்தான் பழகினேன். தெரிஞ்சா நீங்க கீழ உக்காந்திருக்க மாட்டீங்க. நீங்கதான் எனக்கு வேணும். ஊர்லயே நேர்மையான காது உங்க ரெண்டு பேருக்கும்தான்.

ஹெட்டி: கோவம் இல்லடா கண்ணு. ஆனா... மூணு கோடு போட்டுட்டோமேடா.

வில்ஃப்: அதைத்தாம்மா சொல்ல வந்தேன்! தோத்துட்டேன்! நிஜமாவே தோத்துட்டேன்! மேல ஏறுறப்ப ஒருத்தன் மூச்சு விடல, எல்லாம் "ஐயோ பாவம்" மூஞ்சி. அப்ப நினைச்சுக்கிட்டேன், கீழ ரெண்டு பேர் இருக்காங்க, அவங்களுக்கு நான் வெறும் காலுதான்னு. பிந்தினா கோடு போடுவாங்கன்னு. போட்டீங்க பாருங்க... ஒன்றரை வருஷத்துல யாரும் என்னைத் தோக்க விடலைம்மா.

ஹெட்டி: முகமெல்லாம் வேர்வை. இந்தா, துடைச்சுக்கோ.

வில்ஃப்: அந்த பிளாக்பூல்காரர் எனக்கு ஒரு கோடுகூடப் போடலையாம். நாலாம் நம்பர்ல ஒரு உரசல் போச்சுன்னு கண்டுபுடிச்சவரு எனக்கு மட்டும் வெறும் சிலேட்டு. மேல வந்ததும் கட்டிப்புடிச்சுக்கிட்டாரு. காலைல நான் நொண்டிக்கிட்டு வரிசையில நின்னதைப் பாத்திருப்பாரு போல. இரக்கப்பட்டு விட்டுட்டாரு.

ஹெட்டி: இல்லடா, அவரு...

ஜெத்ரோ: ஹெட்டி, டீ.

ஹெட்டி: ...டீ உங்க கையிலதான் இருக்கு.

வில்ஃப்: சரி, அதை விடுங்க. எங்க பிந்துச்சுப்பா? சரியா இடத்தைச் சொல்லுங்க. அடுத்த வருஷத்துக்குள்ள திருத்தணும்.

ஜெத்ரோ: அது... இடது குதிகால். ரெண்டாவது சுத்து.

ஹெட்டி: கடைசிச் சுத்துல.

வில்ஃப்: ரெண்டாவதா, கடைசியா?

ஜெத்ரோ: ரெண்டுலயும்தான். வீட்டுல பேசலாம்டா.

வில்ஃப்: வீட்டுக்கு நேரமாகும். நாலாம் நம்பர் ஆல்ஃபி, பப்புக்குக் கூப்பிடுறான். "அடுத்த வருஷமும் வா, மறுபடியும் மண்ணைக் கவ்வ வெக்கிறேன்"னு மூஞ்சிக்கு நேரா சொல்றாம்மா! எவ்வளவு திமிரு பாருங்க அவனுக்கு! வர்றேன். சாப்பிட்டுடுங்க, எனக்காகக் காத்திருக்க வேணாம்.

ஹெட்டி: பாத்துப் போ... தலை...

ஜெத்ரோ: இடிக்காமப் போயிட்டான்.

ஹெட்டி: சிரிச்சுக்கிட்டே போறான்ங்க.

ஜெத்ரோ: ம்.

ஹெட்டி: "நம்பவே முடியலையே"ன்னு கத்துனீங்களே... நாடகத்துக்குப் போனா தக்காளியில அடிப்பாங்க உங்களை. எப்பத்திலேருந்து தெரியும்?

ஜெத்ரோ: வசந்தத்துல. வெளியூர் பேர்ல ஒரு ஆர்டர் வந்துச்சு. இடது ஷூவுல மட்டும் விரலுக்குக் குழிவு வேணாம், தட்டையா இருக்கட்டும்னு. அவன் தத்தித்தத்தி நடந்ததுலேருந்து அந்தக் காலுக்கு மரம் செதுக்குறேன்டி நான். எனக்குத் தெரியாதா? "ஐயையோ"ன்னு நீ மட்டும் என்ன பிரமாதமா நடிச்சிட்ட?

ஹெட்டி: என் தங்கச்சி வீட்டுச் சலவைக் கொட்டகையிலதான் பழகினான். அவ வாய்விட்டுட்டா. நான் போய் ஜன்னலுக்கு வெளிய நின்னு கேப்பேன். உள்ள போனதில்ல. மழையில நனைஞ்சுக்கிட்டு நிப்பேன்.

ஜெத்ரோ: அந்த இருமல் அப்படி வந்ததுதானா?

ஹெட்டி: ம். எந்திரிச்சுப் போயிடணும்னுதான் சட்டம். போகத்தான் நினைச்சேன். போனா ஏன்னு கேப்பாங்க, விஷயம் வெளிய வரும், அவன் மேடை ஏறியிருக்கவே மாட்டான்.

ஜெத்ரோ: நானும் அதுக்குத்தான் உக்காந்தேன்.

ஹெட்டி: ஏங்க... நான் ஒண்ணு சொன்னா திட்ட மாட்டீங்களே?

ஜெத்ரோ: சொல்லு.

ஹெட்டி: என் கோடு பொய்க் கோடு. எனக்கு ஒண்ணும் பிந்தினதாக் கேக்கல. மகன்னு தெரிஞ்சு உக்காந்திருக்கோமே, சலுகை காட்டிடுவோமோன்னு பயம். கை தானா கோட்டைப் போட்டுடுச்சு. அவன் எங்க பிந்துச்சுன்னு கேக்குறப்ப எனக்கு உசிரே போயிடுச்சு... ஆனா என்னுதை அழிச்சாலும் உங்க ரெண்டு கோடு இருக்குல்ல? நாலாம் நம்பருக்கு ஒண்ணுதானே. அப்பவும் அவன் தோத்துதான் இருப்பான். நியாயமாத்தான் தோத்தான், இல்லையா? சொல்லுங்க.

ஜெத்ரோ: ...அந்த ரெண்டும் பயத்துல போட்டதுதான்டி. அவன் ஒரு தட்டுகூடப் பிந்தல. நம்ம புள்ளதான் ஜெயிச்சான், ஹெட்டி. யார்கிட்டயும் சொல்லிடாத... அவன்கிட்ட சொல்லவே சொல்லாத.